வாந்திக்குப் பின் நெஞ்சுவலியா? விடியட்டும் என்று இருக்க வேண்டாம்

 

நிக்காஹ் விருந்து, பெருநாள் சாப்பாடு என்று வயிறு நிறையும் நாட்கள் நமக்கு உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் ஓங்கரித்து வாந்தி வரும். பலமான வாந்தியால் உணவுக்குழாயில் இரண்டு விதக் கிழிசல் ஏற்படலாம்.

இரைப்பையோடு சேரும் இடத்தில் உட்புறச் சவ்வு மட்டும் கிழிந்தால் வாந்தியில் இரத்தம் வரும். மலம் தார்போலக் கறுக்கும். எண்டோஸ்கோப்பி மூலம் பார்த்து, தேவைப்பட்டால் கிளிப் போட்டு இரத்தத்தை நிறுத்துவார்கள். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குழாய் முழுவதும் கிழிவது அரிது; ஆபத்தோ மிகப் பெரிது. பெருவிருந்துக்குப் பின் வாந்தியெடுத்து இறந்த ஒரு கடற்படைத் தளபதியின் உடலில் இதைக் கண்டு, 1724-இல் நெதர்லாந்து மருத்துவர் போயர்ஹாவே எழுதிவைத்தார். 1947-இல்தான் இங்கிலாந்தில் நார்மன் பாரெட் கிழிசலைத் தைத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். இன்று ஸ்கேனில் கண்டுபிடித்து, கிருமிக்கு மருந்தேற்றி, அறுவையோ ஸ்டென்டோ செய்கிறார்கள். ஆனால் 24 மணி நேரம் கடந்தால் பிழைப்பது கடினமாகிறது.

வாந்திக்குப் பின் தாங்க முடியாத நெஞ்சுவலி அல்லது மேல்வயிற்று வலி, மூச்சுத்திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்ற உணர்வு – இவை அடையாளங்கள். வலி மாத்திரைகளால் வந்த குடற்புண் ஓட்டையானால் வயிறு பலகைபோல் விறைக்கும். மாரடைப்பும் இப்படித்தான் வலிக்கும். எதுவென்று வீட்டில் தீர்மானிக்க இயலாது.

அந்நேரம் "வாய்வுதான்" என்று சோடாவோ ஓமத் தண்ணீரோ கொடுக்காதீர்கள். குடிப்பது கிழிசல் வழியே நெஞ்சுக்குள் இறங்கும். வயிற்றைத் தேய்த்துவிடவும் வேண்டாம். வாந்திக்குப் பின் வலி வந்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பு திறக்கட்டும் என்றும் காத்திருக்க வேண்டாம்.

ராயகிரியிலிருந்து தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போகவே நேரம் பிடிக்கும். வீட்டில் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். பணத்தை நினைத்துத் தயங்கினால் ஜமாஅத்தில் யாரிடமாவது அந்த இரவே சொல்லுங்கள். நாம் சேர்ந்து பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.