துணை வண்டி இல்லாம ஜவ்வாது மலையில: ஓட்டத்துக்கு முன்னாடி போட்ட கணக்கு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த வாரம் விஷயம் எங்க வீட்டுலேயே கிடைச்சுது. அக்கா பையன் ஜனவரியில போளூர்ல ஆரம்பிச்சு, ஜவ்வாது மலை ஏறி, ஜமுனாமரத்தூர், காவலூர் வழியா ஆலங்காயத்துல இறங்கணும்னு நிக்கிறான். ஓடியே. பின்னாடி வண்டி வராது, தண்ணி நீட்ட ஆள் கிடையாது. அக்கா என்கிட்ட, "ஷூ வாங்கிக் கொடுத்தது நீதான, போகாதன்னு நீயே சொல்லு"ன்னுட்டாங்க. "போகாத"ன்னு சொல்றது சுலபம். அவன் போறதா இருந்தா எப்படிப் போகணும்னு மூணு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதைத்தான் இப்போ சொல்லப்போறேன்.

முதல்ல ஒரு வார்த்தை விளக்கம். நெடுந்தூர ஓட்டக்காரங்க இதை மூணு விதமாப் பிரிப்பாங்க. கூடவே ஆள் வந்து சாப்பாடு, தண்ணி கொடுத்தா அது ஒண்ணு. எல்லாத்தையும் முதுகுலேயே சுமந்து, ஓடையில மட்டும் தண்ணி பிடிச்சா அது இன்னொண்ணு. நடுவுல இருக்கிறது, வழியில யாருக்கும் திறந்திருக்கிற கடையில காசு கொடுத்து வாங்கிக்கலாம், ஆனா நமக்காகன்னு யாரும் காத்திருக்கக் கூடாது. இவன் திட்டம் இந்த நடு ரகம். இதுல எங்கேயுமே "யாருக்கும் சொல்லாம போ"ன்னு இல்ல. பசங்க அதைத்தான் தப்பா எடுத்துக்கறாங்க.

எங்க ஊர் திருப்புட்குழி, உங்களுக்குத் தெரியும். ராமானுஜர் யாதவப்பிரகாசர்கிட்ட பாடம் படிச்ச ஊர். குருவும் சீடர்களும் காசிக்குக் கிளம்பினப்போ, விந்திய மலைக் காட்டுல உயிருக்கு ஆபத்துன்னு கோவிந்தர் எச்சரிக்க, ராமானுஜர் தனியா விலகிப் போனார்னு குருபரம்பரைக் கதை சொல்லுது. அந்தக் காட்டுல ஒரு வேடுவத் தம்பதி வந்து வழி காட்டினாங்க, குடிக்கத் தண்ணி கேட்டாங்க. கிணத்துல மொண்டு கொடுத்துட்டுப் பார்த்தா ஆளைக் காணோம், நிக்கிற இடம் காஞ்சி. பையன்கிட்ட இதைச் சொன்னேன். "எனக்கு அப்படி யாரும் வரமாட்டாங்க மாமா, அதான் ஜிபிஎஸ்"னான். சரிதான்.

இப்போ கணக்குக்கு வருவோம். 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார். மலையில நடக்கிறவருக்கு 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம். இவன் ஓடுறவனாச்சே, நடக்கிற கணக்கு எதுக்குன்னு கேட்கலாம். கணுக்கால் ஒருதரம் பிசகினா அந்த நிமிஷத்துலேர்ந்து அவனும் நடக்கிறவன்தான்.

மொத்த வழி 65 கிலோமீட்டர்னு வைங்க. நடையில 13 மணி நேரம், ஏத்தத்துக்கு ரெண்டு, ஆக 15. ஜனவரியில பகல் வெளிச்சம் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சொச்சம். அப்போ ஏதாவது தப்பிப் போனா ராத்திரி மலையிலதான். போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் மட்டும் பார்த்தா ஏறக்குறைய 40. நடந்தாலும் 10 மணி நேரம். காலையில ஆறரைக்குக் கிளம்பினா நொண்டிக்கிட்டே போனாலும் நாலரைக்குப் போய்ச் சேரலாம். அதனால உண்மையான முடிவு ஜமுனாமரத்தூர். மதியம் ஒரு மணிக்குள்ள அங்க போய்ச் சேர்ந்தா மட்டும் ஆலங்காயம். ஒரு மணி அஞ்சு நிமிஷம் ஆயிட்டாலும் பஸ் ஏறணும். இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்கலை. ஒரு நாள் பூரா கோவிச்சுக்கிட்டான்.

ஏன் இவ்வளவு கறார்னு கேட்டா, ரெண்டு சம்பவம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலேர்ந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துச்சு. காய்ஞ்ச புல், செங்குத்துச் சரிவு, காத்து. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அடுத்தது 2021 மே 22, சீனாவுல கான்சு மாகாணம், 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். பாதி வழியில ஆலங்கட்டி மழையும் குளிர்க்காத்தும் அடிச்சு 21 பேர் இறந்தாங்க, அதுல பேர் பெற்ற ஓட்டக்காரங்களும் இருந்தாங்க. சிலரைக் காப்பாத்தினது ஒரு ஆடு மேய்க்கிறவர். அவர் குகையில துணியும் கம்பளியும் இருந்துச்சு, ஓடினவங்ககிட்ட இல்ல.

அதனாலதான் ஜனவரி. வடகிழக்குப் பருவமழை அடங்கியிருக்கும், தீக்காலம் தொடங்கியிருக்காது. பிப்ரவரி பாதிக்கு மேல நான் எந்த மலைக்கும் சரின்னு சொல்லமாட்டேன்.

வழி விஷயத்துல சண்டையே வந்துச்சு. செயற்கைக்கோள் படத்துல ஒரு ஒத்தையடிப் பாதை தெரியுது, குறுக்கால போனா வளைவெல்லாம் மிச்சம்னான். காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையறது குற்றம். குரங்கணிக்கு அப்புறம் மலையேற்றத்துக்குன்னே அரசு விதிகள் வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 பாதைகளைத் திறந்தாங்க, அதுவும் வழிகாட்டியோட. தனியா ஓடுறவன் தார்ச்சாலையை விட்டு இறங்கக் கூடாது. அந்தச் சாலைக்கும் வனச்சரக அலுவலகத்துல முன்கூட்டி எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கேன். 'இன்னிக்கு ஒருத்தன் இந்த வழியா வர்றான்'னு சோதனைச் சாவடியில தெரிஞ்சா அதுவே பெரிய துணை.

பைக்குள்ள என்ன? ரெண்டு லிட்டர் தண்ணி, ஓஆர்எஸ் பொட்டலம் எட்டு. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே ஓடினா ரத்தத்துல உப்பு குறைஞ்சு மயக்கம் வரும், அதுவும் ஆபத்துதான். சாப்பாட்டுக்குக் கடையில விக்கிற ஜெல் வேணாம்னு அக்கா காஞ்சிபுரம் இட்லி கட்டித் தர்றதாச் சொல்லியிருக்காங்க. மிளகு, சீரகம், சுக்கு போட்டது, ஒரு நாள் தாங்கும். (ஆமா, போகாதன்னு சொல்லச் சொன்ன அதே அக்காதான்.) கூட கடலை மிட்டாய். தலை விளக்கு, விசில், மடிச்சா கைக்குட்டை அளவு வர்ற வெள்ளித்தாள் போர்வை, மழைச்சட்டை, கட்டுத்துணி, பவர் பேங்க். வரைபடத்தை முன்னாடியே போன்ல இறக்கி வெச்சுக்கணும், சிக்னலை நம்பக் கூடாது.

எல்லாரும் பாம்பு, கரடின்னு கேட்கறீங்க. பாம்பு கடிச்சா கீறவோ கட்டவோ கூடாது, கடிச்ச இடத்தை அசைக்காம 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆனா ஓடுறவனுக்கு நிஜமான தொல்லை ஊர் நாய். நாயைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடக்கணும். கடிச்சா 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அன்னிக்கே ஊசி. ஓட்டம் அதோட முடிஞ்சுது.

பயிற்சிதான் எங்களுக்குக் கஷ்டம். பகல் பூரா தறிக்குழியில காலை விட்டு உட்கார்ற பையன். பாலுசெட்டிசத்திரம் பக்கம் எவ்வளவு ஓடினாலும் தரை சமதரை. அதனால ஞாயித்துக்கிழமை சோளிங்கர். பெரிய மலைக்கு 1,305 படி, முதுகுல பையோட ஏறி இறங்கணும். ஏத்தத்துல மூச்சுதான் வாங்கும், தொடையை உடைக்கிறது இறக்கம். குரங்குங்க பையைப் பிடுங்கும், அதனால இட்லி கொண்டு போகாத நாள்ல பழகு.

கடைசியா வீட்டுல ஒட்டுற தாள். எந்த வழி, எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு, என்ன கலர் சட்டை, எல்லாம் அதுல இருக்கும். ஜமுனாமரத்தூர்ல கண்டிப்பா ஒரு போன். மாலை ஆறு வரைக்கும் தகவல் இல்லன்னா நான் சாவடிக்குப் பேசுவேன். ஏழு ஆனா 112. அக்கா அந்தத் தாளை வாங்கிப் படிச்சாங்க, ஒண்ணும் சொல்லலை. ஆறுங்கிறதை மட்டும் பேனாவால அடிச்சு அஞ்சரைன்னு எழுதிட்டாங்க.

சரக அலுவலகத்துலேர்ந்து இன்னும் பதில் வரலை. வந்ததும் தேதி சொல்றேன்.