இரண்டு மொழி தெரிந்தால் போதுமா?
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒல்லாந்த மொழியிலிருந்து ஸ்பானிய மொழிக்கு, அதுவும் வைன் தொழிலுக்கு, உரைபெயர்ப்பாளர் தேடுவது பற்றி வைத்தியர்களுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நோயாளியின் நோவை இன்னொருவர் வாயால் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே இது எங்களுக்கும் உரிய விடயமே.

முந்திரிகைக் கொடிக்கு வரும் இரண்டு நோய்களை ஒல்லாந்தர் 'மெய் மேல்டௌ', 'பொய் மேல்டௌ' என்பர். ஸ்பானியர் முதலாவதை 'ஒய்தியோ' என்றும் இரண்டாவதை 'மில்டியு' என்றும் அழைப்பர். நெதர்லாந்து நிபுணர் மெய் மேல்டௌ பற்றிப் பேசும்போது, ஒலி ஒற்றுமையை நம்பி உரைபெயர்ப்பாளர் 'மில்டியு' என்று சொல்லிவிட்டால், கந்தகம் தூவவேண்டிய தோட்டத்தில் செம்பு மருந்து தெளிக்கப்படும். நோய் நிற்காது, விளைச்சல் போய்விடும்.

'செப்பா' என்ற ஸ்பானியச் சொல் தோட்டத்தில் முந்திரிகைக் கொடியைக் குறிக்கும். வைன் சாலையில் மதுவத்தின் உபவகையையும், எங்கள் ஆய்வுகூடத்தில் பக்டீரியாவின் உபவகையையும் அதே சொல்லே குறிக்கும். 'கிரியான்சா' என்றால் வளர்ப்பு. ஆனால் ரியோஹாச் சிவப்பு வைன் போத்தலில் அந்தச் சொல் இருந்தால், குறைந்தது 2 வருடம் முதிர்ந்தது, அதில் 1 வருடமாவது ஓக் பீப்பாவில் இருந்தது என்று பொருள்.

நெதர்லாந்தில் சத்தியப்பிரமாணம் செய்த உரைபெயர்ப்பாளருக்கான சட்டம் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. அரச பதிவேடும் உண்டு. தேடுவோர் அங்கே தொடங்கலாம். ஆனால் தோட்ட அறிவை நேரிற் கேட்டே அறியவேண்டும். அந்த இரண்டு நோய்களின் பெயரைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். சொற்பட்டியலையும் பேசப்போகும் விடயத்தையும் முன்கூட்டியே கொடுப்பதும் அவசியம். இரு மொழியையும் நேரே அறிந்தவர் கிடைக்காமல் ஆங்கிலம் வழியாகப் போனால், பிழை நுழைய இன்னொரு வாசல் திறக்கிறது.

முந்திரிகைக்கே இவ்வளவு கவனம் வேண்டுமென்றால் மனிதருக்கு எவ்வளவு வேண்டும்? புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மிற் பலர் வைத்தியசாலைக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையைத் துணைக்கு அழைக்கிறோம். தாயின் கருப்பை நோயைப் பத்து வயதுப் பிள்ளை எப்படிச் சொல்லும்? தாய்தான் பிள்ளை முன்னிலையில் எதைச் சொல்வாள்? சகோதரிகளே, தகுதியுள்ள உரைபெயர்ப்பாளரைத் தரும்படி நாம் கூச்சமின்றிக் கேட்போம். மொழியில் ஆர்வமுள்ள நம் பெண்பிள்ளைகளுக்கு இதுவும் ஒரு நல்ல தொழில் என்று எடுத்துச் சொல்வோம்.