மருந்து விளம்பரமும் பேச்சுரிமையும்



திண்டிவனத்திலிருந்து எங்கள் பிரம்மதேசத்திற்கு வரும் வழியில், ஒரு சுவரிலே, நீரிழிவை நாற்பதே நாளில் அடியோடு போக்கும் என்று ஒரு மருந்தின் விளம்பரம் சென்ற ஆண்டு எழுதப்பட்டிருந்தது. என்னிடம் பயின்ற ஒருவர் அதனை நம்பி, இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார். காலில் புண் கண்டு, பாதத்தை இழந்த பிறகே என்னிடம் சொன்னார். அவருக்கு எழுத்தறிவித்தவன் நான். எழுதியதை நம்பவும் நான்தான் கற்பித்திருப்பேன் போலும்!

இத்தகைய விளம்பரங்களைத் தடுக்கவே 1954-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். நீரிழிவும் அதன் பட்டியலில் உண்டு. 'எங்கள் பேச்சுரிமை பறிபோகிறது' என்று தில்லியிலிருந்த ஹம்தர்த் தவாகானா என்னும் மருந்தகத்தார் உச்சநீதிமன்றம் சென்றனர். 1959 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. தடுக்கப்பட்ட மருந்தை விற்பதற்காகச் செய்யும் விளம்பரம் அரசியலமைப்புச் சட்டம் காக்கும் பேச்சாகாது என்றனர் நீதிபதிகள்.

ஆனால் அதே தீர்ப்பில் அரசின் கையையும் பிடித்தனர். குற்றமான விளம்பரம் இருப்பதாக ஓர் அதிகாரி கருதினாலே போதும், எந்தத் தாளையும் பொருளையும் கைப்பற்றலாம் என்றது அச்சட்டத்தின் 8-ஆம் பிரிவு. கட்டும் இல்லை, காவலும் இல்லை. அது செல்லாது என்றனர். அதன் நியாயம் எனக்கு எளிதில் விளங்கிற்று. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, காணாமற்போன பேனாவைத் தேடி ஒரு மாணவனின் பையைக் கவிழ்த்தேன். பேனா இல்லை. அவன் தாய்க்கு எழுதிய கடிதம் இருந்தது, அதைப் படித்தும்விட்டேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

1963-இல் அப்பிரிவைத் திருத்தினர். கைப்பற்றியதை விரைவில் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்து, அவர் ஆணையைப் பெறவேண்டும் என்று விதித்தனர். 1995-இல், டாட்டா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் அடங்கும் என்று அதே நீதிமன்றம் கூறியது. பொய் விளம்பரத்திற்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2020-இல் ஏற்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பொய் விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் சோதனைகளும் குற்றவியல் நடைமுறை விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. வியாபாரிக்குச் சலுகை என்று இதைச் சிலர் குறை கூறுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்று மருந்துக் கடையில் நுழைபவர் நாளை பத்திரிகை அலுவலகத்திலும் நுழையலாம் அல்லவா?

பொய் விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே முறையிடலாம். அந்தச் சுவருக்கு இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள். ஆயினும் மருந்துப் புட்டியையும் அதன் சீட்டையும் மாணவர் எறியாமல் வைத்திருக்கிறார். வரும் ஞாயிறன்று அவற்றுடன் என் வீட்டிற்கு வருகிறார். விழுப்புரத்திற்கு மனு எழுத வேண்டும்.