சர்க்கரையிலிருந்து அமினோ அமிலம்



செங்கற்கள் சேர்ந்து சுவராவதுபோல, அமினோ அமிலங்கள் சேர்ந்து புரதமாகின்றன. புரதங்களில் பொதுவாகக் காணப்படும் அமினோ அமிலங்கள் 20 வகை. அவற்றுள் 9 வகைகளை நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வாயிலாகவே பெறுதல் வேண்டும். அரிசி, கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலோ அந்த ஒன்பதில் ஒன்றாகிய லைசின் குறைவு. ஆகவே, அமினோ அமிலங்களை மலிவாக ஆக்க வழியுண்டா என்னும் வினா, ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடுவதன்று. மக்களின் உணவைப் பற்றியதுமாகும்.

அதற்கு வழி பிறந்தது ஜப்பான் நாட்டில். 1908ஆம் ஆண்டில் டோக்கியோவில் பேராசிரியர் கிக்குனே இக்கெடா, ஒருவகைக் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் என்று கண்டறிந்தார். பின்னர் நெடுங்காலம், கோதுமைப் புரதத்தை அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவைத்தே அப்பொருளை எடுத்து வந்தனர். உண்ணத்தக்க புரதத்தைச் சிதைத்து அதன் ஒரு கூற்றை எடுப்பது எத்துணைச் செலவான முறை!

சர்க்கரையை உண்டு இவ்வமிலத்தை வெளிவிடும் நுண்ணுயிர் இயற்கையில் இராதா என்று தேட முற்பட்டனர், கியோவா ஹக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த ஷுக்குவோ கினோஷிட்டாவும் அவர்தம் குழுவினரும். கண்ணுக்குப் புலனாகாத கோடிக்கணக்கான உயிர்களுள் அதனை இனங்காண்பது எங்ஙனம்? குளுட்டாமிக் அமிலம் கிடைத்தாலன்றி வளராத வேறொரு பாக்டீரியாவை அவர்கள் ஒற்றனாக அமர்த்தினார்கள். எந்த நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சுற்றி ஒற்றன் செழித்து வளர்ந்ததோ, அதுவே தேடிய உயிர்! அதன் இக்காலப் பெயர் கோரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம். 1957இல் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று.

இப்பாக்டீரியாவைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு, காற்றைச் செலுத்தி, நைட்ரஜனுக்காக அம்மோனியாவும் சேர்ப்பர். ஆயினும் ஒரு நிபந்தனை உண்டு. பயோட்டின் என்னும் வைட்டமின் நிறைந்திருந்தால், பாக்டீரியா நன்கு கொழுக்கும், அமிலத்தையோ வெளிவிடாது. பயோட்டின் குறைந்தால், அதன் உயிரணுச் சவ்வு மாறுதலடைகிறது. குளுட்டாமிக் அமிலம் வெளியே பெருகுகிறது. பற்றாக்குறையே இங்கு கொடைக்குக் காரணமாகிறது!

கரும்பாலைகளில் எஞ்சும் கழிவுப்பாகு மலிவான பொருள். கரும்புச் சர்க்கரையோடு திராட்சைச் சர்க்கரை, பழச்சர்க்கரை ஆகியனவும் அதில் உண்டு. ஆனால் அதில் பயோட்டினும் மிகுதி. என் செய்வது? உரிய நேரத்தில் சிறிதளவு பெனிசிலின் சேர்த்தனர். அது பாக்டீரியாவின் சுவர் அமைவதைத் தடுக்கவே, அமிலம் வெளிப்படலாயிற்று. நோய்க்கிருமிகளைக் கொல்லும் மருந்து, தொழிலுக்குத் துணையாகவும் வந்தது.

லைசினுக்கும் இவ்வாறே வழி கண்டனர். லைசினும் திரியோனினும் போதிய அளவு சேர்ந்ததும், பாக்டீரியா தன் உற்பத்தியைத் தானே நிறுத்திக்கொள்ளும். திரியோனினை ஆக்கும் ஆற்றலை இழந்த ஒரு வகையைத் தெரிந்தெடுத்து, அப்பொருளை அளவாக ஊட்டினர். தடை நீங்கியது, லைசின் பெருகியது. இன்று கோழிகளுக்கும் பன்றிகளுக்குமான தானியத் தீவனத்தின் குறையை நிரப்ப, அது பல இலட்சம் டன் அளவில் ஆக்கப்படுகிறது.

இளைஞர்களே, நுண்ணுயிரை அவ்வறிஞர்கள் வற்புறுத்திப் பணிகொள்ளவில்லை. அது எப்போது சேர்க்கும், எப்போது நிறுத்தும், எப்போது வெளிவிடும் என்பதைப் பொறுமையோடு கற்றார்கள். அதன் இயல்பை அறிந்தபின்னரே, கழிவுப்பாகும் உணவுக்கு உதவும் பொருளாயிற்று. நீங்களும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை எதிர்பார்த்தபடி அமையாதபோது, அதனை எறிந்துவிடாமல், ஏன் என்று கேளுங்கள்.