இறந்து பிறந்தாலும் பிரசவம் பிரசவமே!

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால் தெருவே திரண்டு வருகிறது. அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு அனுப்புகிறோம். பதினாறு நாள் துக்கம் காக்கிறோம். ஆனால், ஒன்பது மாதம் சுமந்த பிள்ளை உயிரில்லாமல் பிறந்தால்? துணியில் சுற்றி இரவோடு இரவாகப் புதைத்துவிடுகிறோம். தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டுவதில்லை. "அடுத்தது பிறக்கும், அழாதே" என்று வாயை அடைக்கிறோம். அந்த வீட்டிலும் சாவு நடந்திருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்வதே இல்லை.

இது ஓரிரு குடும்பத்தின் கதையல்ல. 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறந்ததாக ஐக்கிய நாடுகள் அமைப்புகள் மதிப்பிட்டன. அதில் சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம் இந்தியாவில். பத்தில் நான்கு குழந்தைகள் பிரசவ வலி கண்ட பின்னரே உயிரிழந்தன. நேரத்தில் வண்டியும் டாக்டரும் கிடைத்திருந்தால் அவற்றில் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். அப்படியிருக்க, "கிரகணத்தில் வெளியே போனாள்", "ராசியில்லாதவள்" என்று தாயின் தலையில் பழி போடுவது எந்த நியாயம்?

உடம்புக்கு அது பிரசவம்தான்

பிள்ளை போனாலும் உதிரம் போகிறது. இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டுகிறது. முன்கூட்டி யாரும் சொல்லாததால் எத்தனை பெண்கள் இடிந்து போகிறார்கள்! குளிர்ந்த நீரில் நனைத்த துணி வலியைத் தணிக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாரக்கணக்கில் சோறும் தூக்கமும் இன்றிப் பேச்சற்றுக் கிடந்தால் அது பேயல்ல. அதற்கும் வைத்தியம் உண்டு.

ஆஸ்பத்திரியில் நாம் கேட்க வேண்டியவை சில. கைக்குழந்தைகளின் தாய்மார் நடுவே அவளைப் படுக்க வைக்காதீர்கள். குழந்தையைப் பார்க்க, மடியில் வைத்துக்கொள்ள விருப்பமா என்று தாயையும் தகப்பனையும் கேளுங்கள், வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். காரணத்தை விளங்கும்படி சொல்லுங்கள். அடுத்த பேறுகாலத்துக்கு உதவும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இந்தப் பிறப்பையும் பதிவு செய்யுங்கள்.

லீவு உரிமை

"பிள்ளைதான் இல்லையே, லீவு எதற்கு?" என்று மேஸ்திரி கேட்டால் என்ன சொல்வது? 1961ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டமே, இறந்து பிறந்ததையும் "குழந்தை" என்ற சொல்லுக்குள் சேர்த்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் சம்பளத்தோடு 26 வாரப் பேறுகால லீவு உண்டு. இரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தால் 12 வாரம். ஈ.எஸ்.ஐ. கணக்கிலும், 26 வாரக் கர்ப்பம் கடந்து பிறந்தால், உயிரிருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவமே. இது சலுகையல்ல, உரிமை! பத்தாம் நாளே எந்தச் சகோதரியும் ஷிப்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் கூலிக்கு நடவு நடும் சகோதரிக்கு இந்த லீவு எட்டவில்லை. 2022 செப்டம்பர் உத்தரவுப்படி மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு இந்தத் துயரத்தில் 60 நாள் தனி லீவு உண்டு. வயலில் நிற்பவள் மட்டும் தாயில்லையா? அவளுக்கும் கூலியோடு ஓய்வு கேட்போம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது உண்டு. பதினாறு நாளும் அந்த வீட்டுக்குச் சோறு போகட்டும். தகப்பனும் அழட்டும், "ஆம்பிளை அழலாமா" என்று தடுக்காதீர்கள். பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல்லியே விசாரியுங்கள். துக்கத்தைப் பகிர்ந்துகொள்வதும் ஒற்றுமைதான், தோழர்களே!