ஒட்டுச் சித்திரமும் இயந்திர அச்சமும்



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில், பழந்தாளையும் உடைந்த பொருளையும் ஒட்டிச் செய்யும் சித்திரங்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றோம். மேனாட்டார் இதனைக் கொலாஜ் என்பர். 1912இல் பிக்காசோ, பிரம்புப் பின்னல் அச்சிட்ட துணியொன்றைத் தம் ஓவியத்தில் அப்படியே ஒட்டினார். “இதுவும் சித்திரமா?” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே.

ஆயினும், முதல் உலகப் போருக்குப்பின் இது வெறும் விளையாட்டாக இருக்கவில்லை. நச்சுப்புகையும் இயந்திரத் துப்பாக்கியும் மக்களை மாய்த்ததைக் கண்ட தலைமுறை அது. பெர்லின் நகரத்து ரவுல் ஹௌஸ்மன் என்பார், பொய்ம்மயிர் மாட்டும் மரத்தலையொன்றின்மேல் அளவுகோல், அளவுநாடா, கடிகாரத்தின் உள்ளுறுப்பு, பணப்பை முதலியவற்றைப் பொருத்தி, ‘நம் காலத்தின் ஆவி’ என்று பெயரிட்டார். அத்தலைக்குக் கண் உண்டு, பார்வை இல்லை. புறத்தே மாட்டியவற்றையே அறிவென்று சுமந்து நிற்கிறது. காதில் கருவியைச் செருகிக்கொண்டு மின்வண்டியில் நிற்கும் நம்மை நோக்கி அது நகைப்பதாகவே தோன்றுகிறது.

அக்காலத்தவரே ஹனோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ். அவர் பயணிகள் எறிந்த டிராம் சீட்டுகளைப் பொறுக்கி ஒட்டினார். சீட்டு என்றதும் ரயில்வே எழுத்தராகிய நமக்கு ஓர் ஈர்ப்பு உண்டாவதை அவையோர் பொறுத்தருள்க! கனத்த அட்டைச் சீட்டும், அதில் தேதி குத்தும் கைப்பொறியும் போயின. 1980களில் கணிப்பொறி முன்பதிவு வந்தபோது, தம் பிழைப்பு என்னாகுமோ எனக் கலங்கியதை மூத்த எழுத்தர்கள் நம்மிடம் கூறியதுண்டு. 2002இல் இணையவழிச் சீட்டு வந்தது. 2015இல் மும்பைப் புறநகர் வண்டிச் சீட்டு கைப்பேசிக்குள்ளேயே புகுந்தது. ஷ்விட்டர்ஸ் இன்று வருவாராயின் ஒட்டுவதற்குச் சீட்டுத் தேடி அலைய வேண்டும்!

நம் நாட்டில் இவ்வழியில் குறிப்பிடத்தக்கவர் விவான் சுந்தரம் (1943–2023). தந்தையார் கல்யாண் சுந்தரம் தமிழ்க் குடும்பத்தவர். இந்தியாவின் இரண்டாம் தலைமைத் தேர்தல் ஆணையர். ஓவியர் அம்ரிதா ஷேர்கில் இவருக்குப் பெரியன்னை. 1991இல் வளைகுடாப் போர் மூண்டு எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது, இவர் எஞ்சின் எண்ணெயையும் கரியையும் கொண்டே தாளில் சித்திரங்கள் செய்தார். வண்டியை ஓட்டும் எண்ணெயே ஊரைக் கொளுத்தும் எண்ணெயுமாயிற்று என்பதைத் தூரிகை வண்ணம் இவ்வளவு நேராகச் சொல்லியிராது.

இயந்திரத்தை அஞ்சியவர் அதனை ஒதுக்கவுமில்லை. 2001–02இல் குடும்பப் புகைப்படங்களைக் கணிப்பொறியிலேயே வெட்டி இணைத்தார்; அங்கே கணிப்பொறியே கத்தரிக்கோல். 2008இல், குப்பை பொறுக்குவோர் துணையுடன் சேர்த்த கழிவுகளைப் பணிக்கூடத் தரையில் பரப்பி, ஒரு மாநகரையே அமைத்துப் படமெடுத்தார்.

அந்நகரம் நமக்குப் புதிதன்று. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டிற்குச் சென்றவர் அறிவர்: பழைய கணிப்பொறியின் உறையும் விசைப்பலகையும் அங்கே பிரிக்கப்பட்டு, நொறுக்கப்பட்டு, உருக்கப்பட்டுக் குருணையாகின்றன. தோல் பதனிடும் தொழிலுக்காக நெல்லைச் சீமையிலிருந்து முன்னோர் வந்து குடியேறிய அதே தாராவிதான். கண்காட்சிச் சுவரில் அழகாகத் தோன்றும் குப்பைக்கு நாற்றமில்லை. அதனைப் பிரிப்பவர் மூச்சிலோ புகை நிறைகிறது. எத்துணைச் சிறந்த கலைஞராயினும் இதனை முழுதும் காட்டிவிட்டார் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அதனை அருகிருந்து காண்பவர் நம் பிள்ளைகள்.

ஆகவே, அடுத்த ஆண்டு விழாவில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பிள்ளைகள் செய்யும் ஒட்டுச் சித்திரங்களுக்காக இம்மண்டபத்தின் ஒரு சுவரை ஒதுக்கித் தருமாறு செயற்குழுவினரை வேண்டுகின்றோம். பசைக்கு ஆகும் செலவு மிகாது. மற்றவை அவர்கள் வீட்டு வாயிலிலேயே கிடக்கின்றன.