சுவருக்குள் கறையான்: கமரா சொல்வதும் நாம் பார்க்க வேண்டியதும்



போன மாதம் கீழ்ப்பிரிவு லயத்திற்கு வெப்பத்தைப் படம் பிடிக்கும் கமரா ஒன்றைக் கொண்டு போனோம். மறைந்திருக்கும் கறையானை அது காட்டிக் கொடுத்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். ஒரு காம்பராவின் மூலை திரையில் நீலமாகத் தெரிந்தது. "செல்லு புடிச்சிருச்சு!" என்று ஒரே சத்தம். பூச்சை உடைத்துப் பார்த்தால் கறையான் இல்லை. பீலி ஒழுகிச் சுவர் ஊறியிருந்தது. அப்போது அந்த வீட்டுப் பாட்டி கத்திப் பிடியால் கதவு நிலையைத் தட்டிக் காட்டினார். வெறும் கூடு மாதிரிச் சத்தம். குத்திப் பார்த்தோம், உள்ளே முழுக்கக் கறையான்!

இதில் கமராவின் குற்றம் இல்லை. அது சுவரையோ மரத்தையோ ஊடுருவிப் பார்ப்பதில்லை. மேற்பரப்பின் சூட்டை மட்டுமே அளக்கும். பத்தில் ஒரு பாகை வித்தியாசத்தையும் நிறமாகக் காட்டும். கறையான் பெருங்கூட்டமாக இருந்தால் அந்த இடம் சற்றுச் சூடாகத் தெரியலாம். அது கொண்டுவரும் ஈரத்தால் குளிர்ந்தும் தெரியலாம். ஆனால் ஒழுகல், வெயில், மறுபக்கத்து அடுப்பு எல்லாமே அப்படித்தான் நிறம் காட்டும். ஆகவே கமரா "இங்கே பார்" என்று சொல்லும். "இது கறையான்" என்று சொல்லாது. யாராவது படத்தை மட்டும் காட்டி மருந்தடிக்கக் காசு கேட்டால், மரத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

கமரா வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாதம் ஒருமுறை கதவு நிலை, ஜன்னல், கூரை மரம் எல்லாம் தட்டிப் பாருங்கள். சுவரில் பென்சில் பருமனில் மண்கோடு ஏறுகிறதா? மழைக்குப் பிறகு வீட்டுக்குள்ளிருந்தே ஈசல் பறக்கிறதா? உடனே எங்களிடம் சொல்லுங்கள். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். ஒழுகும் பீலியை அப்படியே விடாதீர்கள். தேயிலைக்கு அடிக்கிற மருந்தை வீட்டுக்குள் ஊற்றவே கூடாது. பிள்ளைகள் படுக்கிற இடம்.

கடைசியாக ஒன்று. கறையானுக்கு மரமும் கடதாசியும் ஒன்றுதான். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசி, பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் சுவரோரத்து மரப்பெட்டியில்தானே கிடக்கின்றன? 1948இல் பறிபோன பிரஜாவுரிமைக்காக, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம் குடும்பங்கள் எவ்வளவு அலைந்தன! அந்தக் கடதாசியைச் செல்லரிக்க விடலாமா? இன்றைக்கே மூடியுள்ள தகரப் பெட்டியில் போட்டு, சுவரை விட்டுத் தள்ளி, உயரத்தில் வையுங்கள்.